மேஜைக்காலுக்கும் நூற்று இருபது

காந்தாவுக்கு எதுவும் எளிதில் அருவருப்பாக இருந்ததில்லை. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவி இறால் பிடிக்கிறவளுக்கு அப்படியெல்லாம் இருந்தால் பிழைப்பு நடக்காது. சேற்றில் கைக்கு என்ன சிக்கும் என்று சொல்ல முடியாது. செத்த மீன் சிக்கும், உடைந்த பாட்டில் சிக்கும், யாரோ பையில் கட்டி வீசிய ஊசிப்போன பிரியாணி சிக்கும். ஒருமுறை பாதி அழுகிய பூனை. கையை உதறிவிட்டு அடுத்த அடி எடுத்து வைப்பாள்.

பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ள பனையோலையில் முடைந்த பறி உண்டு. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், அந்தப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பதினோரு வயதில் கயிற்றைக் கடிக்கத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று.

இன்றைக்குத் தாமோதரன் என்ற பெயரைச் சொன்னால் அவள் முதலில் காறித் துப்புவாள். பிறகுதான் பேசுவாள்.

முதலில் வலித்தது தாடைதான். போன ஆடி மாதம், ஒருநாள் காலையில் எதிர்க்காற்றில் சேற்றை மிதித்து நடந்துகொண்டிருந்தபோது இடது தாடையில் ஒரு வலி பிடித்தது. காதுக்குக் கீழே இறங்கி, தோள்பட்டை வரை போனது. நெஞ்சுக்கு நடுவில் ஈரத்துணியை முறுக்குவது போல ஓர் இறுக்கம். நின்றாள். நாலைந்து நிமிடத்தில் எல்லாம் கலைந்து போயிற்று. மறுநாளும் வந்தது. நாற்பது வருஷமாகக் கயிறு கடித்த தாடை, வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். கயிற்றை வலதுபக்கப் பல்லுக்கு மாற்றினாள். வலி இடதுபக்கமே நின்றது. பறியை இடுப்பில் கட்டிப் பார்த்தாள். அப்போதும் வந்தது.

"பல்லு சொத்தையா இருக்கும்மே. புடுங்கிகினு வந்துடு" என்றான் அவள் புருஷன் வேலு.

பொன்னேரிக்குப் போய்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல் சொத்தைதான். ஆனால் ஒரு வாரம் கழித்து ஏரியில் இறங்கியபோது, பல் இல்லாத இடத்தையும் தாண்டிக்கொண்டு அதே வலி அதே பாதையில் இறங்கியது. அதன் பிறகுதான் தாமோதரனிடம் போனாள்.

தாமோதரன் பல வருஷம் மீஞ்சூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவன். காந்தாவின் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து 'கிளினிக்' என்று மட்டும் பலகையில் எழுதி மாட்டியிருந்தான். அதன் மேலோ கீழோ பேரோ படிப்போ கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. அரசு ஆஸ்பத்திரி என்றால் பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஒருநாள் ஏரி போய்விடும். தாமோதரனோ எந்நேரமும் இருந்தான். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் ஊசி போட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் வலி போய்விடும் என்று பேர்.

"இன்னாம்மா காந்தா, மொகமெல்லாம் வாடிப்போய்கீது?"

"நெஞ்சாண்ட இறுக்குது சார். தாடையெல்லாம் வலி. சேத்துல நடந்தா வருது."

அவன் அவள் கையில் பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றினான். ரப்பர் பந்தை நாலு தடவை அமுக்கினான். வட்டமான கண்ணாடிக்குள் முள் நின்ற இடத்தை விரலால் தட்டிக் காட்டினான். "நூத்தி இருபது. நார்மல். உனக்கு ஒன்னுமில்ல, கேஸு. வெறும் வயித்தோட தண்ணியில எறங்குற இல்ல, காத்து நெஞ்சுல ஏறி நின்னுக்குது."

இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஊசி. கூடவே ரோஸ் கலர் மாத்திரை. அன்று மாலையே காந்தாவுக்குப் புது உடம்பு கிடைத்தது போல இருந்தது. முட்டிவலிகூடக் காணாமல் போயிற்று. சேற்று வலி மட்டும் மறுபடி வந்தது. வந்தால் மறுபடி ஊசி. ஒவ்வொரு முறையும் நூற்று இருபது. அவன் மேல் இருந்த மரியாதையில், கைக்குக் கிடைத்ததிலேயே கொழுத்த பச்சை நண்டாகப் பார்த்துக் கால் கட்டி அவனுக்குக் கொடுத்தனுப்புவாள்.

அந்த மரியாதைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா மணியம்மாளுக்கு இதே மாதிரி நெஞ்சு இறுக்கியபோது வைத்தியம் பார்த்தவனும் தாமோதரன்தான். கேஸ் என்று சொல்லி மூன்று நாள் ஊசி போட்டான். நாலாம் நாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே மணியம்மாள் குப்புற விழுந்து இறந்துபோனாள். முகத்தில் ஒட்டியிருந்த மீன் செதில்களைக் காந்தாதான் துடைத்தாள். தாமோதரன் மாலையோடு வந்தான். "திடீர்னு ஹார்ட்டு நின்னுபூடுச்சும்மா. யாரு இன்னா பண்ண முடியும்?" என்றான். வேலை நேரத்தில் இவ்வளவு தூரம் வந்தாரே என்று காந்தா எழுந்து நின்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படிக் கும்பிட்டதை இப்போது அவளால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

கார்த்திகையில் இளவரசி வந்தாள். வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க அரசாங்கம் அமர்த்திய பெண். பக்கத்து ஊர்க்காரி. காந்தா வாசலில் காய்ந்த பொடி இறாலான சென்னாங்குன்னியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கெல்லாம் வேணாம்மா. தாமோதரன் சார் போன வாரந்தான் பாத்தாரு."

"இன்னொரு தடவ பாத்தா தேஞ்சா பூடுவ? ஒக்காருக்கா."

சுவரில் முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார வைத்தாள். கைக்கு அணைவாக ஒரு தலையணை வைத்தாள். மெஷினில் எண் விழுந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, கீழே நூற்றுப் பதினான்கு. இளவரசி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தாள். இன்னொரு கையிலும் பார்த்தாள். எண் பெரிதாக இறங்கவில்லை.

"உன் மெஷினு கெட்டுப்பூடுச்சு" என்றாள் காந்தா. "எனக்கு எப்பவும் நூத்தி இருபது."

"நேத்துதான் ஆஸ்பத்திரியில சரி பாத்துக் குடுத்தாங்க. தலை சுத்துதா? கண்ணு மங்குதா?"

"ஒன்னுமில்ல. தெம்பாத்தான் கீறேன்."

"பிரஷர் சொல்லிகினு வராதுக்கா. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"அது கேஸு."

"எப்ப வருது அந்த கேஸு?"

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. காந்தா யோசித்துச் சொன்னாள். சேற்றில் நடந்தால் வருகிறது. நிறைந்த பறியோடு கரை ஏறினால் வருகிறது. சாப்பிட்ட கையோடு நடந்தால் வருகிறது, குளிர்காற்று அடித்தால் சீக்கிரமே வருகிறது.

"நின்னா?"

"போயிடும்."

"நடந்தா வந்து நின்னா போற கேஸ எங்கயாவது பாத்துகிறியா நீ?"

இளவரசி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். அதற்குள் சும்மா இருக்கும்போது வலி வந்தாலோ, நின்றும் போகாவிட்டாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் நூற்றெட்டுக்கு போன் போடச் சொன்னாள். தாமோதரன் பெயரை இரண்டு பேரும் மறுபடி எடுக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று இருந்த டாக்டர் மலீஹா பழவேற்காட்டுக்காரி. பறியைக் கடித்துக்கொண்டு இறால் பிடிக்கிறவள் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈசிஜி எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்றதும் காந்தா கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? படுத்திருந்தப்ப உங்களுக்கு வலியே இல்லையே. வலி இல்லாத நேரத்துல எடுத்தா நல்லாத்தான் இருக்கும்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இருதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதற்குப் போகிற குழாய் கொழுப்புப் படிந்து சுருங்கியிருக்கிறது. சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். சேற்றை மிதித்து நடக்கும்போது இருதயம் கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது. அந்தத் தவிப்புதான் வலி. கூடவே இவ்வளவு பிரஷர் இருந்தால் அதன் வேலை இரண்டு மடங்கு.

"அதுக்குத் தாடை ஏம்மா வலிக்கணும்?"

"அப்படித்தான் வரும். தாடை, தோள், முதுகு. பொம்பளைங்களுக்கு இப்படி வர்றது அதிகம். பல்லுன்னு நெனச்சுட்டு வர்றவங்க எத்தனையோ பேரு."

காந்தாவின் நாக்கு தானாகப் பல் பிடுங்கிய பள்ளத்துக்குப் போயிற்று.

"வெளியில ஏதாவது ஊசி போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். போட்டேன் என்றாள். என்ன ஊசி என்று தெரியவில்லை. "பேர் கேட்டுட்டு வாங்க. காலி பாட்டில் கெடச்சாலும் எடுத்துட்டு வாங்க."

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவள் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தாமோதரனின் அறைக்குப் போனாள். அப்போதும் அவளுக்கு அவன்மேல் கோபம் இல்லை. சாருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்றே நினைத்தாள்.

பெஞ்சில் ஏழெட்டுப் பேர். தாமோதரன் திரைக்குப் பின்னால் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தான். காந்தா அவன் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேஜையின் ஓரத்தில் செய்தித்தாள் மேல் நண்டு ஓடுகள் கிடந்தன. நேற்று முன்தினம் அவள் கொடுத்தனுப்பிய நண்டு. சப்பிப் போட்ட கால்களில் ஈ மொய்த்தது. அதற்குப் பக்கத்திலேயே பிரஷர் மெஷின். பட்டை காலியாகச் சுருண்டு கிடந்தது.

முள் நூற்று இருபதில் நின்றது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். குலுக்கினாள். முள் அசையவில்லை. பந்தை அமுக்கினாள். ரப்பர் குழாயில் டேப் சுற்றியிருந்த இடத்திலிருந்து காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. நூற்று இருபது. விட்டாள். நூற்று இருபது. உள்ளே முள்ளோடு சேர்ந்து ஓர் எறும்பு செத்து ஒட்டியிருந்தது.

தாமோதரன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "இன்னாம்மா, திரும்ப கேஸா?"

காந்தா ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பட்டையைப் பிரித்து அவனுடைய மேஜைக்காலில் சுற்றிக் கட்டினாள்.

"இன்னா பண்ற?"

"உன் மேஜைக்குப் பிரஷர் பாக்கறேன்." பந்தை நாலு தடவை அமுக்கினாள். முள்ளை விரலால் தட்டி பெஞ்சில் இருந்தவர்களுக்குக் காட்டினாள். "நூத்தி இருபது. நார்மலாம். மேஜைக்கு ஒன்னுமில்ல, கேஸு."

யாரோ சிரித்தார்கள். காந்தா பட்டையை அவிழ்த்துத் தண்ணீர் கேனில் சுற்றினாள். "கேனுக்கும் நூத்தி இருபது. கேனும் நல்லாகீது."

"ஏய், மெஷின வையி. ரெண்டு நாளாத்தான் ரிப்பேரு, மீஞ்சூருக்கு எடுத்துகினு போவணும்னு வச்சிகிறேன்."

"எத்தினி வருசமாய்யா ரெண்டு நாளு? எங்கக்கா கையிலயும் இதத்தான கட்டுன?"

அவன் குரலை இறக்கினான். "உங்கக்காவுக்கு நேரம் முடிஞ்சிடுச்சு காந்தா. நான் இன்னா பண்ணுவேன்?"

பேசிக்கொண்டே அவளைச் சமாதானப்படுத்துவதற்காகத் தோளில் கை வைத்தான். அந்தக் கையில் நண்டு வாசனை அடித்தது. மசாலாவும் டெட்டாலும் கலந்து, அதற்கு அடியில் நண்டு. காந்தாவின் வாயில் தண்ணீர் ஊறியது. அவன் கையைத் தட்டிவிட்டு வெளியே ஓடி, மணலில் குனிந்து, காலையில் குடித்த கூழெல்லாம் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தாள். அழுகிய பூனையைத் தொட்டபோதுகூட அவளுக்கு அப்படி வந்ததில்லை.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். குழந்தையோடு ஒருத்தி மட்டும் வந்தாள். மற்றவர்கள் பெஞ்சில் ஆளுக்கு ஓரிடம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்தவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே திரைக்குப் பின்னால் போனான். சிரித்தவனும் அங்கேயேதான் இருந்தான்.

போகும்போது வாசலில் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து தனக்கு ஊசி போடும்போது வழக்கமாகப் பார்த்த மருந்துகளின் இரண்டு காலிக் குப்பிகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் டாக்டர் மலீஹா அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று வலி ஊசி, இன்னொன்று ஸ்டீராய்டு.

"முட்டிவலி எல்லாம் போய்த் தெம்பா இருந்திருக்குமே?"

"ஆமாம்மா."

"ரெண்டுமே பிரஷர ஏத்தும். அதுவும் அடிக்கடி போட்டா."

காந்தா குப்பிகளைத் திரும்பக் கையில் வாங்கினாள். "அப்ப அவன் பாக்காம வுட்டது மட்டும் இல்ல. ஏத்தியும் வுட்டுகிறான்" என்றாள். பிறகு, "அவன் கையால குத்திக்கத்தான் நான் நண்டு குடுத்தேன்" என்றாள்.

டாக்டர் எழுதி அனுப்பிய புகாரின் பேரில் அதிகாரிகள் வந்தார்கள். வருவது முதல் நாளே தெரிந்துபோய் அறை பூட்டிக் கிடந்தது. பத்தொன்பது நாள் கழித்துத் தாமோதரன் நாலு கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊரில் அதே பலகையை மாட்டினான். காந்தாவின் தெருவிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிறார்கள்.

பிரஷர் கொஞ்சம் இறங்கியதும் காந்தாவைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஓடுகிற பட்டையில் நடக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். நாலாவது நிமிடமே தாடை வலித்தது, காகிதத்தில் கோடு தாழ்ந்தது. உடனே நிறுத்திவிட்டார்கள். பிறகு கை ரத்தக்குழாய் வழியாகச் சாயம் விட்டுப் பார்த்ததில் இருதயத்தின் ஒரு கிளைக் குழாயில் அடைப்பு தெரிந்தது. இப்போதைக்கு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய் என்று முடிவு சொன்னார்கள்.

மாத்திரையை விழுங்குவது அவளுக்குப் பெரிதாக இல்லை. சாப்பாடுதான் கொடுமை. கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது. உப்பைக் குறைத்து வைத்த மீன்குழம்பை முதல் வாய் வைத்ததும் தட்டைத் தள்ளினாள். "பொணம் கழுவின தண்ணி மாரி கீது." வேலு தன் தட்டில் உப்பு போட்டுக்கொண்டு சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். அந்தச் சத்தம் அவளுக்குச் சகிக்கவில்லை. ஆனாலும் தட்டை மறுபடி இழுத்து வைத்துத் தின்றாள். புளியும் பூண்டும் மிளகும் கூட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு மாதத்தில் நாக்குக்குப் பாதி பழகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் பழகவில்லை.

வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழ நேரும். ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால் இன்னொன்று, உடனே ஆம்புலன்ஸ். ஏரிக்கு நடுவில் எங்கே உட்காருவது? இனி இடுப்பளவுத் தண்ணீர் வேண்டாம், முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தனியாக இறங்காதீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை நனையக் கூடாதே என்று மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் போட்டு, அதைத் துணியில் சுற்றிக் கொண்டைக்குள் செருகி வைத்தாள்.

தை மாதம் இளவரசி பார்த்தபோது நூற்று இருபத்தெட்டு. "நல்லாயிடுச்சில்ல, இன்னும் எதுக்கு முழுங்கிகினு கீற?" என்றான் வேலு. காந்தாவுக்கும் அது சரியாகப் பட்டது. நிறுத்திவிட்டாள். பதினோராம் நாள் பறியோடு கரை ஏறும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து, கொண்டையைப் பிரித்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. வலி இறங்க நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் குப்புற விழுந்து கிடந்த மணியம்மாளின் முகம்தான் கண்முன்னால் நின்றது.

"மாத்திரை போட்டதால நூத்தி இருபத்தெட்டு" என்று இளவரசி கத்தினாள். "வுட்டா ஏறாம இன்னா பண்ணும்? இத நிறுத்தக் கூடாது, அதுவும் திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலியா?" சொல்லியிருந்தார்கள். அன்று காந்தாவுக்கு அருவருப்பு தன்மேலேயே திரும்பியது. அதன் பிறகு ஒருநாளும் விட்டதில்லை.

மாசியில் ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்து வேலு சட்டையைக் கழற்றியபோது அவன் இடுப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காந்தா பார்த்தாள்.

"எங்கய்யா போட்ட?"

வேலு தட்டைப் பார்த்தான். "இடுப்பு புடிச்சிகிச்சு. வலை இழுக்க முடியல. அவன் போட்டா ஒடனே கேக்குதுமே."

"எங்கக்காவ கொன்னவன்."

"அவ செத்து எத்தினி வருசமாச்சு, வுடேன்."

காந்தா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அவன் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலையில் ஏரிக்குக் கிளம்பியவனை மறித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இளவரசி முன்னால் உட்கார வைத்தாள். நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்றிரண்டு. மூன்று நாள் விட்டுப் பார்த்தும் அதே அளவு.

"இந்த மெஷினு..." என்று வேலு ஆரம்பித்தான்.

"வாய மூடு" என்றாள் காந்தா.

இப்போது வேலுவும் மாத்திரை போடுகிறான். அவனை நம்பி மாத்திரையைக் கையில் கொடுப்பதில்லை. முன்னால் நின்று விழுங்க வைத்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாள். புகையிலைக் கறை படிந்து, சாராய நாற்றம் அடிக்கும் அந்த வாய்க்குள் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது. தினமும் காலையில் பார்க்கிறாள்.